கடைமடையில் ஒரு மனை

நாகப்பட்டினத்திலும் சுற்றுவட்டாரத்திலும் ஒரு குடும்பம் சொந்த வீட்டுக்கு ஆயத்தமாகிறது என்றால் முதலில் பேசப்படுவது பணம். சீட்டு எப்போது விழும், எத்தனை சவரனை அடகு வைக்கலாம், சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கும் பிள்ளை மாதம் எவ்வளவு அனுப்புவான், வங்கி எவ்வளவு கொடுக்கும் என்று மாதக்கணக்கில் கணக்கு ஓடும். அது ஒரு வழிக்கு வந்தபின் தரகர் இடம் காட்டுவார். இடம் பிடித்துவிட்டால் உடனே முன்பணம். அதற்குப் பிறகுதான் பத்திர நகல்கள் கைக்கு வந்து வழக்கறிஞரிடம் போகும். ஐப்பசி, கார்த்திகையில் அங்கே எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்ற கேள்வி பெரும்பாலும் குடிபோன முதல் அடைமழையில்தான் எழும். பணம், பத்திரம், தண்ணீர் என்ற இந்த வரிசையை நாகையில் அப்படியே திருப்பிப்போட வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம். தண்ணீரை முதலிலும், நிலத்தின் உரிமை வரலாற்றை அடுத்தும், பணத்தைக் கடைசியிலும் பார்க்கவேண்டும். முன்னவை இரண்டும் தெரியாமல் போடுகிற பணக்கணக்கு இந்த மண்ணில் நிலைப்பதில்லை.

நிலத்தை முதலில் பார்ப்பது இந்தப் பகுதிக்குப் புதிய வழக்கமும் இல்லை. ஸ்ரீவிஜய அரசன் நாகையில் எடுத்த சூடாமணி விகாரத்துக்கு முதலாம் இராஜராஜன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலத்தை நிவந்தமாகக் கொடுத்தான். லெய்டன் செப்பேடுகள் என்று பெயர்பெற்ற ஆனைமங்கலச் செப்பேடுகள் அந்தக் கொடையைப் பதிவு செய்கின்றன. அவற்றைப் படிப்பவரை வியக்கவைப்பது அரசனின் தாராளம் மட்டுமல்ல, எல்லை சொல்வதில் காட்டிய பொறுமையும்தான். எந்த வாய்க்காலுக்கு எந்தப் பக்கம், எந்த ஊரின் நிலத்தை ஒட்டி என்று நாற்புறமும் எழுதியிருக்கிறார்கள். எல்லையைச் சுற்றிப் பெண் யானையை நடத்தி, ஊரார் அறியக் கல்லும் கள்ளியும் நட்டிருக்கிறார்கள். நிலம் கைமாறுமுன் அதை நடந்து பார்க்கவேண்டும், அக்கம்பக்கத்தார் முன்னிலையில் பார்க்கவேண்டும், தண்ணீர் போகும் வழியோடு சேர்த்துப் பார்க்கவேண்டும் என்ற மூன்று நெறிகள் அந்தச் சடங்கில் இருக்கின்றன. இன்று மனை வாங்குபவர் கைப்பேசியில் வந்த வரைபடத்தைப் பார்த்து முன்பணம் அனுப்புகிறார். கிராம நிர்வாக அலுவலகத்தின் ‘அ’ பதிவேட்டையும் அந்தச் சர்வே எண்ணின் புலப்படத்தையும் கையில் வைத்துக்கொண்டு, சர்வேயரை அழைத்து நான்கு கல்லையும் தேடிப்பார்க்க ஒரு நாள் போதும். அந்த ஒரு நாளைத்தான் பலர் செலவிடுவதில்லை.

தண்ணீரிலிருந்து தொடங்குவோம். நாகை காவிரியின் கடைமடை. மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறந்தாலும் தண்ணீர் இங்கே கடைசியில்தான் வந்து சேரும். வடகிழக்குப் பருவமழையிலோ மேற்கே பெய்ததெல்லாம் இந்த வழியாகத்தான் கடலுக்குப் போகவேண்டும். கடுவையாறு நாகையிலும், வெட்டாறு நாகூருக்கு அருகிலும், வெள்ளையாறு வேளாங்கண்ணிப் பக்கத்திலும் கடலில் சேர்கின்றன. கடல் ஏற்றமாக இருக்கும் நேரத்தில் ஆறு வடியாது. ஆறு வடியாவிட்டால் வடிகால் வடியாது. வடிகால் வடியாவிட்டால் வயல் வடியாது. வயலைப் பிளாட்டாக்கியிருந்தால் அந்தத் தண்ணீர் வீட்டு வாசலில் நிற்கும். டெல்டாவில் வாய்க்கால் வேறு, வடிகால் வேறு. முன்னது பாசனம் தருவது, பின்னது மிச்சத்தைக் கொண்டுபோவது. மனை விற்பவர் வாய்க்கால் அருகில் இருப்பதைப் பெருமையாகச் சொல்வார். வாங்குபவர் கேட்கவேண்டியது, மழைநீர் எந்த வடிகாலில் போய் விழுகிறது, அந்த வடிகால் எங்கே அடைபட்டிருக்கிறது என்பதைத்தான்.

பழைய ஊர்கள் இந்தக் கேள்விக்கு விடை சொல்லித்தான் எழுந்தன. நத்தம் மேட்டில் இருந்தது, நன்செய் பள்ளத்தில் இருந்தது. குளம் வெட்டிய மண்ணே குடியிருப்பை உயர்த்தியது. திடல், திட்டு, மேடு என்று முடியும் ஊர்ப்பெயர்கள் இந்த வட்டாரத்தில் இத்தனை இருப்பது அதனால்தான். நெடுஞ்சாலையை ஒட்டி அண்மையில் போடப்பட்ட மனைப்பிரிவுகளில் பல, இந்தப் பழைய ஒழுங்கில் வயலாக இருந்த இடத்தில் நிற்கின்றன. மண் அடித்து உயர்த்திக்கொள்ளலாமே என்று பதில் வரும். உயர்த்தலாம், செலவையும் கணக்கில் சேர்க்கலாம். ஆனால் ஒருவர் தன் மனையை மூன்றடி உயர்த்தும்போது அங்கே நின்ற தண்ணீர் பக்கத்து மனைக்குப் போகிறது. அந்த மனைக்காரர் நான்கடி உயர்த்துவார். ஒவ்வொரு முறை தார் போடும்போதும் சாலை ஏறிக்கொண்டே வந்து, வீடு சாலைக்குக் கீழே போய்விடுகிறது. பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போடவேண்டும் என்று தலைமைச் செயலாளர் 2021இல் தனியாக அறிவுறுத்தவேண்டிய அளவுக்கு இது மாநிலம் முழுக்க உள்ள துயரம். ஒரு மனையை உயர்த்தியதால் மட்டும் ஒரு பள்ளம் மேடாகிவிடாது. மனைப்பிரிவு முழுவதற்கும் வடிகால் இருக்கிறதா, அது மனைப்பிரிவின் எல்லையோடு நின்றுவிடாமல் நீர்வளத் துறையின் வடிகாலில் போய்ச் சேர்கிறதா என்பதே கேள்வி.

விளைநிலத்தை மனையாக்குவதற்கு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971இன் 47-ஏ பிரிவும், அதன்கீழ் 2017இல் வந்த விதிகளும் உள்ளன. நன்செய் என்றால் வேளாண் துறையின் கருத்தைக் கேட்டுத்தான் ஆட்சியர் இசைவு தரவேண்டும். இதற்குப் பின்னால் ஒரு வழக்கு உண்டு. அனுமதியற்ற மனைப்பிரிவுகளைப் பதிவு செய்யக்கூடாது என்று வழக்கறிஞர் யானை ராஜேந்திரன் தொடுத்த பொதுநல வழக்கில், சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பர் 9இல் தடை விதித்தது. அதன்பிறகு 2016 அக்டோபர் 20ஐ எல்லை நாளாக வைத்து, அதற்கு முன் உண்டான மனைகளை வரன்முறைப்படுத்தும் விதிகள் 2017இல் வெளிவந்தன. ‘வரன்முறை ஆனது’ என்பதை ஒரு பாதுகாப்புச் சான்றாகவே விற்பவர்கள் காட்டுகிறார்கள். அந்த ஆணை சொல்வதெல்லாம், அனுமதியில்லாமல் போட்ட மனைக்கு உரிய கட்டணம் வாங்கிக்கொண்டு அரசு அதை ஏற்றுக்கொண்டது என்பதுதான். மனை பள்ளத்தில் இருக்கிறதா, விற்பவருக்கு உரிமை உண்டா என்ற இரண்டையும் அது பேசுவதில்லை.

கடல் தனியாகப் பேசப்படவேண்டியது. 2004 டிசம்பர் 26 காலை ஆழிப்பேரலையில் அன்றைய நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்; தமிழ்நாட்டின் மொத்த இழப்பில் பெரும்பகுதி இது. அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம், ஆரியநாட்டுத் தெரு, நம்பியார் நகர் என்று இங்கே எந்தப் பெயரைச் சொன்னாலும் அந்த நாள் கூடவே வரும். 2005 மார்ச்சில் மாநில அரசு வெளியிட்ட மறுகுடியமர்வு ஆணை, உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்கு அப்பால் செல்வோருக்கு நிரந்தர வீடு என்றது. அதற்குள்ளேயே இருக்க விரும்பினால் இருக்கலாம், உதவி கிடைக்காது. கடலோர ஒழுங்காற்று அறிவிக்கைகள் 1991, 2011, 2019 என மூன்று முறை வந்திருக்கின்றன. ஊரகக் கடற்கரையில் 200 மீட்டராக இருந்த கட்டுமானத் தடைப் பகுதியை, 2011 கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் இடங்களில் 50 மீட்டராகக் குறைக்க 2019 அறிவிக்கை இடம் தந்தது. கடல் ஓதம் ஏறிவரும் ஆற்றங்கரைகளிலும் 100 மீட்டர் 50 ஆனது. சட்டமே அனுமதிக்கும்போது கடலருகே வாங்கினால் என்ன என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அனுமதி எல்லையை அரசு மாற்றலாம்; மாற்றியும் இருக்கிறது. அலை எங்கே வரை வந்தது என்பதை யாராலும் மாற்ற முடியாது. 2004இல் தண்ணீர் ஏறிய இடத்தை அந்தந்தத் தெருவில் இன்றும் கைகாட்டிச் சொல்ல ஆள் இருக்கிறார்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரை கடந்தபோது எந்தக் கூரை போனது, எது நின்றது என்றும் சொல்வார்கள். அவர்களிடம் கேட்காமல் வாங்குவது தற்காத்துக்கொள்ள இருந்த வழியை நாமே அடைப்பதாகும்.

ஆழிப்பேரலைக்குப் பின் கட்டிய வீடுகளிலும் வாங்குபவருக்குப் பாடம் உண்டு. சுமார் 325 சதுர அடியில், தளம் போட்டு, ஒரே அச்சில் வரிசை வரிசையாக அவை எழுந்தன. அந்தப் பணியை நாகைக் கடற்கரையில் நேரில் ஆய்ந்த ஜெனிபர் டுயின் பாரன்ஸ்டைன் போன்றவர்கள் குறையாகச் சொன்னவை இவை: குடியிருப்போரிடம் கேட்காமல் திட்டம் போட்டது, நல்ல நிலையில் இருந்த பழைய வீடுகளையும் இடித்தது, மரங்களை வெட்டியது, திண்ணையும் நிழலும் இல்லாமல் கட்டியது. அன்று பேரிடரின் அவசரம் இருந்தது. இன்று சொந்தக் காசில் கட்டிமுடித்த வீடு வாங்குபவருக்கு அந்த அவசரம் இல்லை. சித்திரை வெயிலில் மாடியடித் தளம் எப்படிக் காய்கிறது, கடற்காற்று எந்தச் சன்னல் வழியே வருகிறது என்று பார்த்து வாங்க அவருக்கு நேரம் இருக்கிறது.

கட்டடத்தில் பார்க்கவேண்டியது உப்பு. காற்றிலும் மண்ணிலும் நிலத்தடி நீரிலும் உப்பு இருக்கும் ஊர் இது. ஐ.எஸ். 456 தரவிதி, இரும்புக் கம்பி வைத்த கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்கிறது. கடுமையான சூழலுக்கு எம்-30 தரக் கலவையும் கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடலும் கேட்கிறது. போர் தண்ணீரை அப்படியே ஊற்றிக் கலந்து, கம்பிக்கு மேல் ஒரு விரல் அளவுகூட மூடல் வைக்காமல் கட்டிய வீட்டில், சில ஆண்டுகளிலேயே கம்பி துருவேறி ஊதித் தளம் வெடித்துக் கொட்டத் தொடங்கும். வெள்ளையடித்துவிட்டால் விற்கும் நாளில் அது தெரியாது. மாடிப்படிக்கு அடிப்புறமும் சன்னல் மேல் சன்ஷேடின் விளிம்பும்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். குடிநீருக்கு ஐ.எஸ். 10500 சொல்லும் அளவு, கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம்; வேறு நீரே இல்லையென்றால் 2,000 வரை. கிணற்றிலோ போரிலோ ஒரு பாட்டில் எடுத்துச் சோதனைக்குக் கொடுக்க ஆகும் செலவு, தரகுக் கமிஷனோடு ஒப்பிட ஒன்றுமே இல்லை.

இனி உரிமை. தமிழ்நாட்டின் வேறு எந்தப் பகுதியைவிடவும் இந்த டெல்டாவில் நிலத்தின் மேல் அடுக்கடுக்காக உரிமைகள் படிந்திருக்கின்றன. முதல் அடுக்கு கோயில்களும் மடங்களும். நாகை, சிக்கல், கீழ்வேளூர், வேதாரண்யம் என்று பெரிய கோயில்கள் இருக்கும் ஊரில் தெருத் தெருவாகக் கோயில் மனைகள் உண்டு. நாகூரில் வக்பு சொத்து உண்டு. கட்டடம் குடியிருப்பவருடையது, அடிமனை கோயிலுடையது, மாதாமாதம் அடிமனை வாடகை என்ற ஏற்பாட்டில் பல தலைமுறைகள் வாழ்ந்திருக்கின்றன. இந்து சமய அறநிலையச் சட்டம், 1959இன் 34ஆம் பிரிவின்படி ஆணையரின் அனுமதி இல்லாமல் கோயில் நிலத்தை விற்க முடியாது. 109ஆம் பிரிவினால், எத்தனை ஆண்டு அனுபவித்தாலும் காலவரம்பைக் காட்டி அது அனுபவித்தவருக்குச் சொந்தமாகாது. பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு, இப்படிப்பட்ட பத்திரத்தைப் பதிவாளர் மறுக்கவேண்டும் என்கிறது.

எண்பது ஆண்டாகக் குடியிருக்கிறோம், வீட்டு வரி கட்டுகிறோம், மின் இணைப்பு எங்கள் பெயரில் இருக்கிறது, இது எப்படி எங்களுடையது ஆகாமல் போகும் என்று அடிமனைக் குடியிருப்போர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அவர்களுக்கு நியாயமான வாடகையும் வெளியேற்றப்படமாட்டோம் என்ற உறுதியும் கிடைக்கவேண்டும். அவர்களுக்கும் அரசுக்கும் அறநிலையத் துறைக்கும் இடையில் தீர்க்கவேண்டிய பெரிய வழக்கு அது. ஆனால் புதிதாக அந்த வீட்டை விலைக்கு வாங்க நினைப்பவர் அந்த நியாயத்தை விலைக்கு வாங்க முடியாது. வீட்டு வரி ரசீது வரி கட்டியதற்குச் சான்று, உரிமைக்குச் சான்று இல்லை. வெறும் முத்திரைத்தாளில் எழுதிக்கொடுக்கும் ‘கட்டட உரிமை மட்டும்’ என்ற ஒப்பந்தத்தை நம்பிப் பணம் கொடுப்பவர், பழைய குடியிருப்பாளருக்கு இருந்த நீண்ட வாழ்வின் பலம்கூட இல்லாமல் அந்த இடத்தில் நிற்பார்.

இரண்டாம் அடுக்கு உழைத்தவர்களின் உரிமை. 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட போராட்டத்தின் நடுவில், கீழ்வெண்மணியில் 44 தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பத்தினர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அந்த நாளில் இந்தச் சீமையின் பண்ணைக் கூலிகளுக்குத் தாங்கள் படுத்த குடிசையின் மண்ணும் சொந்தமில்லை. குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டம் 1969இல் வந்தது. 1971இல் வந்த குடியிருப்புச் சட்டம், 1971 ஜூன் 19 அன்று நிலக்காரரின் மண்ணில் குடியிருந்த விவசாயத் தொழிலாளிக்கு அந்த மனையைச் சொந்தமாக்கியது. காந்தியத் தம்பதியரான கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் 1981இல் தொடங்கிய லாஃப்டி இயக்கம், நிலக்காரர்களிடமிருந்து நிலத்தை விலைக்கு வாங்கி நிலமற்ற பெண்களின் பெயரில் எழுதியது. வீடு வாங்கத் தயாராகும் பேச்சில் இவை எதற்கு என்று தோன்றலாம். இன்று மனையாகப் பிரித்து விற்கப்படும் சர்வே எண்ணுக்குள் பதிவுபெற்ற குத்தகைதாரர் இருக்கலாம், ஒரு குடியிருப்பு மனை இருக்கலாம், நிபந்தனையோடு அரசு ஒப்படைத்த பட்டா இருக்கலாம். இவை எதுவும் வில்லங்கச் சான்றில் வராது. அடங்கலையும் குத்தகைப் பதிவேட்டையும் வட்டாட்சியர் அலுவலகத்தில் பார்த்தால்தான் தெரியும். இன்னொருவருக்குப் போராட்டத்தின் வழியே கிடைத்த உரிமையின் மேல் அறியாமல்கூட நம் சுவர் எழக்கூடாது.

மூன்றாம் அடுக்கு குடும்பம். தமிழ்நாடு 1989 மார்ச் 25 முதல் மகள்களுக்கும் பரம்பரைச் சொத்தில் பிறப்புரிமைப் பங்கு தந்தது. நாடு முழுவதற்கும் அது 2005இல் வந்தது. அதற்குப் பின்னும் அண்ணன் தம்பிகள் மட்டும் கையெழுத்திட்ட பாகப்பிரிவினைகள் ஏராளம். தங்கைக்குச் சீர் செய்தாயிற்று என்பது வீட்டுப் பேச்சு. நீதிமன்றத்தில் விடுதலைப் பத்திரம் கேட்பார்கள். வாரிசுச் சான்றில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கையெழுத்து இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்கவேண்டும். மலேசியாவிலும் வளைகுடாவிலும் இருப்பவர்கள் பவர் கொடுத்து விற்பது இங்கே வழக்கம். வெளிநாட்டில் எழுதிய பவருக்கு, அது இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டவேண்டும். கொடுத்தவர் விற்பனை நாளில் உயிரோடு இருக்கவேண்டும். பவரையே கிரயமாக வைத்துக்கொள்வது உரிமை தராது என்று உச்ச நீதிமன்றம் 2011இல் சூரஜ் லேம்ப் வழக்கில் முடிவாகச் சொல்லிவிட்டது.

பதிவாகிவிட்டதே, இன்னும் என்ன சந்தேகம் என்பது அடிக்கடி கேட்கும் மறுப்பு. பதிவு என்பது, இன்னார் இன்னாருக்கு எழுதிக்கொடுத்தார் என்பதற்கு அரசு வைத்திருக்கும் சாட்சி. எழுதிக்கொடுத்தவருக்கு உரிமை இருந்ததா என்பதற்கு அது சாட்சி இல்லை. மூலப்பத்திரம் காட்டினால்தான் பதிவு என்ற தமிழ்நாட்டுப் பதிவு விதி 55-ஏயின் பகுதியை 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. விற்பவரின் உரிமையை ஆராய்வது பதிவாளரின் வேலை இல்லை என்பதுதான் அதற்குச் சொன்ன காரணம். அப்படியானால் அந்த வேலை யாருடையது? வாங்குபவருடையது. பட்டா இருக்கிறதே என்றால், அது வருவாய்த் துறை யாரிடம் வரி கேட்பது என்பதற்கான குறிப்பு. 1979க்குப் பின் நடந்த நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டில் (ஊரில் எல்லோரும் ‘யு.டி.ஆர்.’ என்பது) பெயர் மாறியும் பரப்பு பிசகியும் ஏறிய பட்டாக்களைத் திருத்த இன்றும் மனுக்கள் போய்க்கொண்டிருக்கின்றன. ஆகவே மூலப்பத்திரத் தொடர், யு.டி.ஆருக்கு முந்திய ‘அ’ பதிவேடு, இன்றைய பட்டா ஆகிய மூன்றும் ஒரே கதையைச் சொல்கின்றனவா என்று ஒப்பிடவேண்டும். இணையத்தில் கிடைக்கும் வில்லங்கம் பெரும்பாலும் 1975க்குப் பிற்பட்டது. அதற்கு முந்தியதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கையால் தேடச்சொல்லி மனுக் கொடுக்கவேண்டும்.

வங்கி வழக்கறிஞர் பார்த்துக் கடன் கொடுத்துவிட்டார், அதைவிட வேறென்ன என்பது அடுத்த மறுப்பு. இதில் பாதி உண்மை உண்டு. கடன் கேட்பதே ஒரு வடிகட்டி. ஆனால் அந்த வழக்கறிஞர் கையில் கொடுத்த தாள்களைத்தான் படிக்கிறார். வங்கி காக்க நினைப்பது தான் கொடுத்த பணத்தை. குத்தகைதாரரின் வாய்மொழியும் தங்கையின் மனத்தாங்கலும் மழைநீரின் வழியும் அந்தக் கோப்பில் இல்லை. பனங்குடி, நரிமணம் பக்கத்தில் சுத்திகரிப்பு ஆலை விரிவாக்கத்துக்கும், வேறு இடங்களில் நான்குவழிச் சாலைக்கும் நில எடுப்பு நடந்த மாவட்டம் இது. எடுப்பு அறிவிக்கையில் அந்தச் சர்வே எண் வருகிறதா என்பதையும் தனியாகத்தான் பார்க்கவேண்டும்.

இத்தனையும் பார்த்து முடிப்பதற்குள் வேறொருவர் வாங்கிவிடுவாரே, விலை ஏறிவிடுமே என்ற அச்சம் உண்மையானது. தரகர்கள் அதன் மேல்தான் நிற்கிறார்கள். அதற்கு வழி கிரய ஒப்பந்தத்தைச் சரியாக எழுதுவது. 2012 முதல் தமிழ்நாட்டில் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். மூன்று மாதக் கெடு, குறைந்த முன்பணம், உரிமையில் குறை தெரிந்தால் முன்பணம் முழுதும் திரும்பும் என்ற ஒரு வரி ஆகிய இவை அதில் இருக்கட்டும். இந்த வரியை எழுத மறுப்பவர் அந்த மறுப்பினாலேயே நமக்கு ஒரு தகவலைத் தந்துவிடுகிறார். 500 சதுர மீட்டரையோ எட்டு அலகுகளையோ தாண்டிய மனைப்பிரிவும் அடுக்ககமும் ரெரா எனும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாகியிருக்கவேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் ஒப்பந்தம் பதிவாகுமுன் விலையில் பத்து விழுக்காட்டுக்கு மேல் வாங்கச் சட்டம் விடாது.

இதெல்லாம் வசதியுள்ளவர்களுக்கு, அன்றாடம் உழைப்பவர் எங்கே இவ்வளவு அலைய முடியும் என்று கேட்டால், அந்தக் கேள்விக்கு முழுமையான பதில் இல்லை. சிறிதளவு உதவி உண்டு. சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 1987 பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பாராமல் இலவசச் சட்ட உதவி தருகிறது; மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம் இருக்கும். கலைஞரின் கனவு இல்லத் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் கிடைக்கும், கையில் சொந்த மனையும் பட்டாவும் இருந்தால். ஆகவே ஏழைக் குடும்பத்துக்கு ஆயத்தம் என்பதே பட்டாவைச் சரிசெய்வதுதான். பணம் சேரும்வரை காத்திருக்காமல் இன்றே தொடங்கக்கூடிய வேலை அது.

இப்போது பணத்துக்கு வரலாம். முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. எட்டு லட்ச ரூபாய் மனைக்கு 72,000 ரூபாய் இதற்கே போகும். 2025 ஏப்ரல் முதல் பத்து லட்சம் வரையிலான சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு விழுக்காடு குறையும். இந்தச் செலவுக்குப் பெரும்பாலும் கடன் கிடைக்காது, கைப்பணம் வேண்டும். 30 லட்சம் வரையிலான கடனில் வீட்டின் மதிப்பில் 90 விழுக்காடு வரைதான் வங்கி தரலாம் என்பது ரிசர்வ் வங்கியின் வரம்பு. மண் அடிப்பதற்கும் சர்வேக்கும் வழக்கறிஞருக்கும் ஆகும் தொகையை முன்னமே பார்த்துவைத்திருந்தால்தான் மீதி எவ்வளவு என்று தெரியும். நிலத்தை முதலில் பார்க்கச் சொன்னதற்கு இதுவும் காரணம்.

20 லட்ச ரூபாயை 9 விழுக்காட்டில் 20 ஆண்டுக்கு வாங்கினால் மாதத் தவணை சுமார் 18,000. கட்டி முடிக்கும்போது 43 லட்சம் ஆகியிருக்கும். அதையே 15 ஆண்டில் முடித்தால் தவணை 20,300ஐ ஒட்டி வரும், மொத்தம் 36 லட்சத்து 50 ஆயிரம். மாதம் 2,300 ரூபாய் கூடக் கட்டினால் ஆறரை லட்சம் மிச்சம். ஆனால் தவணை மாதாமாதம் வரும், கடைமடையின் வருமானம் அப்படி வருவதில்லை. சம்பா நெல் தை, மாசியில் பணமாகும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. மாதச் சம்பளக்காரரை வைத்து வகுத்த திட்டத்தை விவசாயியும் மீனவரும் அப்படியே ஏற்றுக்கொண்டால் சித்திரையிலும் ஆடியிலும் நகை அடகுக்குப் போகும். அவர்களுக்கு ஏற்றது வேறு முறை. தவணையை நீண்ட காலத்துக்குச் சிறிதாக வைத்துக்கொண்டு, அறுப்புப் பணமோ நல்ல மீன்பாட்டின் பங்கோ வந்ததும் அசலில் மொத்தமாகக் கட்டிவிடுவது. மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டி அடைக்க வங்கிகள் அபராதம் வாங்கக்கூடாது. நான்கு மாதத் தவணை வேறாகக் கையிருப்பில் இல்லாமல் கடலை நம்பும் குடும்பம் கடனில் இறங்கக்கூடாது என்றே எனக்குத் தோன்றுகிறது. அந்தத் தொகை சேரும்வரை வாடகை வீட்டில் இருப்பது வீண் செலவில்லை.

அந்தக் காத்திருப்புக்கு இன்னொரு பயனும் உண்டு. வெயில் காலத்தில் மனை பார்ப்பவருக்குக் காய்ந்த மண்ணும் வெட்டவெளியும்தான் தெரியும். ஆனி, ஆடியில் இடம் பிடித்திருந்தால் புரட்டாசி வரை சர்வே, ‘அ’ பதிவேடு, கைத்தேடல் வில்லங்கம், குத்தகைப் பதிவேடு எல்லாவற்றையும் முடித்துக்கொள்ளலாம். பிறகு கார்த்திகையில் இரண்டு நாள் விடாமல் கொட்டிய அடுத்த காலை குடையோடு அங்கே போகவேண்டும். பக்கத்து வீட்டுச் சுற்றுச்சுவரில் பழைய தண்ணீர்க் கோடு எந்த உயரத்தில் இருக்கிறது, வாசற்படி எத்தனை, மோட்டாரை எவ்வளவு உயரத்தில் மேடை கட்டி வைத்திருக்கிறார்கள், சாலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்கவேண்டும். மதகைப் பார்க்கும் லஸ்கரிடம் வடிகால் எங்கே தூர்ந்திருக்கிறது, முகத்துவாரம் எப்போது அடைபடுகிறது, கஜாவின்போது தண்ணீர் எத்தனை நாள் நின்றது என்று கேட்கவேண்டும். மறுநாளும் அதே இடத்துக்குப் போய்த் தண்ணீர் எவ்வளவு வடிந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு, அன்று மாலை தரகரோடு விலை பேச உட்காரலாம்.